அறுபத்து நான்கு வீடுகளுக்கு ஒரு குலுக்கல்

4 ஜூலை 2000, செவ்வாய்

இன்று உருப்படியாக வேலை செய்தது ஒன்றரை மணி நேரம். கரண்ட் போனது இரண்டு மணி நேரம். மீதி நேரம் நான் மோதி பாக்கில் இந்த குவார்ட்டர்ஸ் வரிசைக்கே பொது வேலைக்காரி.

கீழ் வீட்டு மிஸஸ் குப்தா காஸ் சிலிண்டரை வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டாள். "ஆப் தோ கர் பே ஹீ ஹோதீ ஹைன் நா" என்றாள். ஆமாம், வீட்டில்தான் இருக்கிறேன். நேரு ப்ளேஸில் ஏழு வருஷம் கம்பெனிக்கு புரோகிராம் எழுதி உழைத்தபோது என்னை யாராவது சிலிண்டர் வாங்கச் சொன்னார்களா? அதே வேலையை வராந்தாவில் திரைச்சீலை தொங்கவிட்டு, ஒரு மேஜை போட்டுத் தனியாகச் செய்தால் அது வேலையில்லை. சும்மா இருப்பது.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து அச்சுதன் மூன்று தடவை போன். அவர் மளிகைக் கடைக்கு பில் போடும் புரோகிராம் நான் எழுதியது. "மேடம், உங்க சாப்ட்வேர் பில் அடிக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் பிரிண்டரில் பேப்பர் இல்லை. இதற்கு ஆட்டோ பிடித்து, வெயிலில் வெந்து… சீ.

9 ஜூலை, ஞாயிறு

ஜோதிலிங்கம் வந்திருந்தார். எங்கள் வீட்டு வசதிச் சங்கத்தின் செயலாளர். துவாரகாவில் கட்டிக்கொண்டிருக்கும் எட்டு அடுக்குக் கட்டடம் முடியப் போகிறது. அறுபத்து நான்கு வீடு, அறுபத்து நான்கு உறுப்பினர். எல்லாரும் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆன, ஆகப் போகிற தமிழர்கள். யாருக்கு எந்த வீடு என்று குலுக்கிப் போட வேண்டும்.

"சீட்டு எழுதிப் போட்டா நூறு பேர் நூறு பேசுவான் தாயி. கம்ப்யூட்டர்ல போட்டுட்டா ஏக்தம் க்ளீன். ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது. நம்ம சங்கம், நம்ம பொண்ணு. நீ ஒரு சேவையா செஞ்சு குடு."

சேவை! பல் டாக்டரிடம் போய்ச் சேவையாக ஒரு பல்லைப் பிடுங்கு என்று கேட்பார்களா?

ஆனால் மாமா எதிரே உட்கார்ந்திருந்தார். என் மாமனார், எண்பத்து நாலில் சேர்ந்த உறுப்பினர் பூவராகவன். பதினாறு வருஷமாக அந்த வீட்டையே பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டு முட்டியும் தேய்ந்து, இந்த குவார்ட்டர்ஸ் முதல் மாடியிலிருந்து இறங்கவே பத்து நிமிஷம் ஆகிறது. இதுவும் என் கணவர் பேரில் இருக்கிற குவார்ட்டர்ஸ்தான், நிரந்தரமில்லை. "கீழ் வீடு கெடைச்சா போதும்மா, பார்க்குல போய் நானே உக்காந்துக்குவேன்" என்று தினமும் ஒருமுறை சொல்லாமல் இருக்க மாட்டார். மருமகள் குலுக்கல் புரோகிராம் எழுதப் போகிறாள் என்றதும் முகம் அப்படி மலர்ந்துவிட்டது. எழுதித் தருகிறேன் என்றேன்.

19 ஜூலை, புதன்

பிரிண்ட் எடுத்தால் அறுபத்து நாலில் யாரோ இரண்டு பேர் காணாமல் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் குலுக்கல் மாறுவதால் எங்கே விழுங்குகிறது என்று பிடிக்க முடியவில்லை. கடைசியில், தினுசு தினுசாகக் குலுக்காமல் ஒரே மாதிரி நிற்கும்படி செய்து வைத்துக்கொண்டு தேடினேன். நடுவில் அச்சுதன் போன். நடுவில் தண்ணீர் வந்துவிட்டது, டிரம் ரொப்பினேன். நடுவில் சுஷ்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "மம்மி, பூக் லகி ஹை." தமிழில் கேட்டால்தான் சோறு என்றேன், அழுதாள்.

நாலு மணிக்குத் தவறைக் கண்டுபிடித்தேன். பக்கம் திரும்பும் இடத்தில் இரண்டு வரி விடுபட்டிருக்கிறது. அப்பாடா.

22 ஜூலை, சனி

என் கம்ப்யூட்டரை ஆட்டோவில் கொண்டுபோய், சங்கத்து ஆபீஸ் அறையில் கமிட்டிக்கு நடத்திக் காட்டினேன். ஏழு பேர். சமோசா எண்ணெயை விரலோடு கொண்டுவந்து என் கீபோர்டில் தேய்த்தார்கள். பட்டனை அழுத்தினேன், பட்டியல் வந்தது. இன்னொரு தரம் என்றார்கள், அழுத்தினேன், வேறு பட்டியல். "வாஹ்" என்றார்கள்.

ஜோதிலிங்கம் மட்டும் கவனமாகக் கேட்டார். "ஒவ்வொரு தடவையும் மாறிடுமா தாயி?" மாறும் என்றேன், பெரிய இவள் மாதிரி. ஒரு காப்பி ஃப்ளாப்பியில் வேண்டும், சங்கத்து கம்ப்யூட்டரில் போட்டுப் பழகிக்கொள்கிறேன் என்றார். கொடுத்தேன். அறுபத்து மூன்று வயதில் கற்றுக்கொள்ளும் ஆசை, நல்லதுதானே.

23 ஜூலை

கீபோர்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். இன்னும் சமோசா நாற்றம்.

11 ஆகஸ்ட், வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை குலுக்கல். இன்று வந்து உறுப்பினர் பட்டியலை ஒரு புது ஃப்ளாப்பியில் கொடுத்தார் ஜோதிலிங்கம். பெயர் வரிசையில் இருந்ததை மாற்றி ஃபைல் நம்பர் வரிசையில் அடித்திருக்கிறாராம். கடைசி நேரத்தில் பட்டியல் மாற்றாத வாடிக்கையாளனை நான் இன்னும் பார்க்கவில்லை. எரிச்சலோடு ஏற்றினேன். அறுபத்து நான்கு பேர் சரியாக இருக்கிறதா என்று எண்ணினேன். வேறு எதுவும் பார்க்கவில்லை.

13 ஆகஸ்ட், ஞாயிறு

மாமாவுக்குத் தரைத்தளம்! ஜி-4. பார்க் பக்கம்.

பெயர் திரையில் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார், முட்டி வலியை மறந்து. பக்கத்தில் இருந்தவரையெல்லாம் கட்டிப் பிடித்தார். வீட்டுக்கு வந்து வேணுவிடம், "உன் பொண்டாட்டி கையாலடா!" என்று பத்து தடவை சொல்லியிருப்பார். என் கை எங்கே? மிஷின்தான் என்றேன். கேட்கவில்லை.

ஜோதிலிங்கத்துக்கும் தரைத்தளம், ஜி-2. கமிட்டியில் இன்னும் மூன்று பேருக்கும். கொஞ்சம் முணுமுணுப்பு கேட்டது. சுந்தரவல்லி அக்காவுக்கு ஏழாவது மாடி. ரிட்டயர்டு நர்ஸ், ஆஸ்துமா, தனி ஆள். ஆர்.கே. புரத்தில் யார் வீட்டு மொட்டை மாடி அறையிலோ வாடகைக்கு இருக்கிறார். பக்கத்தில் போய் நின்றேன். என்னையே தட்டிக் கொடுத்தார். "மனுஷன் எடுத்திருந்தா சண்டை போட்டிருப்பேன் பூங்கோதை. கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு. அதுக்கு யாரு வேண்டியவன், யாரு வேண்டாதவன்?"

16 ஆகஸ்ட், புதன்

எழுதிவிடுகிறேன்.

முடிவுப் பட்டியலை நல்ல தாளில் அடித்துத் தரச் சொல்லியிருந்தார்கள். காலையில் அடித்துக் கொடுத்தனுப்பினேன். மதியம், ஓரம் சரியாக விழுகிறதா என்று பார்க்க என் பழைய பட்டியலை ஏற்றி, சும்மா குலுக்கலை ஓட்டினேன். முதல் வரி 503. அடுத்தது 107. அடுத்தது 608. காலையில்தானே இதே எண்களை இதே வரிசையில் பார்த்தேன்? மூடிவிட்டுத் திறந்தேன். 503, 107, 608. மறுபடி மூடித் திறந்தேன். 503.

கம்ப்யூட்டருக்குத் தானாகக் குலுக்கத் தெரியாது. தொடக்கத்துக்கு ஒரு எண் கேட்கும். கடிகாரத்தைப் பார்த்து அந்த எண்ணை எடுத்துக்கொள் என்று ஒரே ஒரு வரி எழுதவேண்டும். எழுதியிருந்தேன். பத்தொன்பதாம் தேதி, தவறு தேடுவதற்காக அந்த வரியை முடக்கி வைத்தேன். தண்ணீர், போன், குழந்தை — திரும்ப உயிர் கொடுக்க மறந்துவிட்டேன். பட்டனை இரண்டாம் முறை அழுத்தினால் வேறு பட்டியல் வரும், அதனால்தான் கமிட்டி முன்னால் எனக்குத் தெரியவில்லை. மூடித் திறந்து முதல் முறை அழுத்தினால் எப்போதும் ஒரே குலுக்கல். வரிசையில் ஒன்பதாவது நிற்கிறவனுக்கு எப்போதும் ஜி-2. பதினேழாவது நிற்கிறவனுக்கு எப்போதும் ஜி-4.

கம்பெனியில் இருந்தபோது நான் எழுதியதை இன்னொருத்தர் பார்ப்பார். இங்கே என் தவறைப் பார்க்க நான் மட்டும்தான். அப்படியில்லை, இன்னொருத்தர் பார்த்திருக்கிறார். ஃப்ளாப்பியைக் கொண்டுபோய் மூடி மூடித் திறந்து பார்த்திருக்கிறார். அப்புறம் புது பட்டியல்! ஃபைல் நம்பர் வரிசையாம்! மாமாவின் ஃபைல் நம்பர் முப்பத்தொன்று. அந்த வரிசைப்படி முப்பத்தொன்றாவது நிற்க வேண்டியவர், பட்டியலில் நின்ற இடம் பதினேழு.

எதற்கு மாமாவை அங்கே நிறுத்த வேண்டும்? எனக்கு வாய்ப்பூட்டு போடத்தான். வேறெதற்கு?

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

17 ஆகஸ்ட்

மாமா டெய்லரிடம் ஜன்னல் திரை தைக்கக் கூலி கேட்டிருக்கிறார். ஜி-4-க்கு எத்தனை ஜன்னல் என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். எரிந்து விழுந்தேன் என்று சொல்லவேண்டும். பாவம்.

19 ஆகஸ்ட், சனி

போனேன். நேராகக் கேட்டேன். ஜோதிலிங்கம் கோபமே படவில்லை, அதுதான் அருவருப்பு. டீ வரவழைத்தார்.

"நான் என்ன தாயி செஞ்சேன்? லிஸ்ட்டை அடுக்கினேன். குலுக்கினது உன் மிஷின். அதுல ஓட்டை வச்சது நீ."

எல்லாருக்கும் சொல்வேன் என்றேன்.

"சொல்லேன். புரோகிராம் உன்னுது. மாமனாருக்குத் தரைத்தளம். யாரு மேல சந்தேகப்படுவான்னு நெனைக்கிறே?" டீயை என் பக்கம் தள்ளினார். "பெரியவர் முட்டி வலியில கஷ்டப்படறார். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். ஜல்தி குடி, ஆறுது."

குடிக்கவில்லை. இதுவாவது செய்தேன்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

வேணுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முதலில் கேட்டது, "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" இல்லை என்றேன். "சொல்லாதே. யார்கிட்டயும் சொல்லாதே. நீ திருடலை கோதை. மறந்துட்டே, அவ்வளவுதான்."

"அப்போ சுந்தரவல்லி அக்கா?"

"அவங்களுக்கு லிஃப்ட் வரும். எங்கப்பா முட்டியை நீ பார்க்கலியா? பதினாறு வருஷம் கோதை!"

தெரியாதா எனக்கு? தைலம் தேய்த்து விடுகிறது யார்? வேணு நல்லவன். நல்லவன் வாயிலிருந்து வந்ததால் இன்னும் கசக்கிறது. அதைவிடக் கேவலம், அவன் சொன்னதும் என் மனசு ஒரு நிமிஷம் நிம்மதியானது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

28 ஆகஸ்ட், திங்கள்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், அச்சுதன் கடை வாசலில் சுந்தரவல்லி அக்கா. இட்லி அரிசி இரண்டு கிலோ வாங்கி, பையைத் தூக்க முடியாமல் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். "ஏழாவது மாடில காத்து நல்லா இருக்கும், என் நெஞ்சுக்கு நல்லதுதான்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். எனக்கு! பஸ் ஏற்றிவிட்டு அங்கேயே நின்று அழுதேன். கறிவேப்பிலை விற்கிற பையா தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

ஞாயிறு சங்கத்தின் பொதுக்குழு. மாமாவிடம் முன்னாலேயே சொல்லவேண்டும். சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னால் அவர் 'வேண்டாம்மா' என்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்கிறவரை மீறி என்னால் எழுந்து நிற்க முடியாது. எனக்கு என்னைத் தெரியும்.

3 செப்டம்பர், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சங்கத்து கம்ப்யூட்டரை அங்கேயே போடச் சொன்னேன். மாசிலாமணி என்று ஒரு ஏர்ஃபோர்ஸ் ரிட்டயர்டு, எதற்கும் எழுந்து நின்று கேள்வி கேட்கிறவர், அவரையே மூடித் திறந்து அழுத்தச் சொன்னேன். மூன்று தடவை. மூன்று தடவையும் முதல் வரி 503.

முடங்கிய வரியைப் பற்றிச் சொன்னேன். என் தவறு என்று சொன்னேன். பட்டியல் வரிசை குலுக்கலுக்கு இரண்டு நாள் முன்னால் மாற்றப்பட்டது, அது ஃபைல் நம்பர் வரிசையே அல்ல என்றும் சொன்னேன். அதுவரைதான் விட்டார்கள். மாசிலாமணி, "அப்போ உங்க வீட்டுக்கு மட்டும் எப்படிம்மா கீழ விழுந்துச்சு?" என்றார். கூச்சல். பின் வரிசையிலிருந்து யாரோ, "சோர்!" என்று கத்தினான். திருடி என்று, என்னைத்தான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அசிங்கம். ஜோதிலிங்கம் எழுந்தார். கைகூப்பினார். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. அதனாலதான் இந்தப் பொண்ணை பொதுக்குழுவுல வந்து சொல்லச் சொன்னேன். ஒத்துக்கிட்டதுக்குப் பாராட்டணும். எனக்குக் கிடைச்ச வீட்டை நான் இப்பவே விட்டுத் தர்றேன். சீட்டு எழுதி மறுபடி போடுவோம்." கைதட்டினார்கள். கை-தட்டி-னார்கள்! மினிட்ஸ் புத்தகத்தில் 'புரோகிராம் எழுதியவரின் தவற்றால்' என்று எழுதி என்னிடம் கையெழுத்து கேட்டார்கள். பட்டியல் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதையும் எழுதுங்கள் என்றேன். "அது ஃபைல் நம்பர் வரிசைதான், கமிட்டி பார்த்துக்கொண்டது" என்றார்கள். நான் செய்ததற்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன்.

மாமா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசும்போது தலை குனிந்தவர் நிமிரவேயில்லை.

4 செப்டம்பர்

மாமா சாப்பிட வரவில்லை. தட்டை அறைக்குள் வைத்துவிட்டு வந்தேன். வேணுவும் பேசவில்லை.

12 செப்டம்பர், செவ்வாய்

அச்சுதன் போன். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க புரோகிராம்ல ஏதோ ஓட்டை இருந்துச்சாமே. என் ஸ்டாக் கணக்கு சரியா இருக்கான்னு வேற ஒரு ஆளை விட்டுப் பார்க்கலாமான்னு…" பாருங்கள் என்றேன். இரண்டு வருஷத்தில் அந்தக் கடையில் ஒரு புளிப் பொட்டலம் கணக்கு தப்பியதில்லை. பேப்பர் தீர்ந்ததற்கெல்லாம் ஓடிப் போனவள் நான்.

என் இன்னொரு வாடிக்கையாளரான கரோல் பாக் ரத்தப் பரிசோதனை லேப்காரரும் அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம் என்றுவிட்டார். அவரிடம் என்னைச் சிபாரிசு செய்ததே சங்கத்து ஆள்தான். தனியாக வேலை செய்கிறவளுக்கு இருப்பது தன் பெயர் ஒன்று. அதுவும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது.

சரி, போகட்டும். போய்த் தொலையட்டும். — இல்லை, போகட்டும் என்று எழுதினால் போய்விடுமா? எரியுது.

1 அக்டோபர், ஞாயிறு

எவர்சில்வர் அண்டாவில் அறுபத்து நான்கு சீட்டு. மாசிலாமணி கையை விட்டுக் கலக்கினார். ஒவ்வொருவரும் தானே வந்து எடுத்தார்கள். நான் ஒரு ஓரமாக நின்று ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தில்லுமுல்லும் இல்லை.

சுந்தரவல்லி அக்காவுக்கு மூன்றாவது மாடி. மாமாவுக்கு 705. ஏழாவது மாடி.

ஜோதிலிங்கம் கையை விட்டார், எடுத்தார், பிரித்தார். ஜி-2. நேர்மையாக. எல்லார் கண் முன்னாலும். அதே ஜி-2. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "பார்த்தியா தாயி?" என்றார்.

ஆட்டோவில் வரும்போது, ஒரு மாதம் கழித்து மாமா என்னிடம் முதல் வார்த்தை பேசினார். "இதுவும் அவன் வேலையா?"

"இல்ல மாமா. இது அதிர்ஷ்டம்."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

வெளியே திரும்பிக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாமோ? அவன் வேலைதான் என்று சொல்லியிருந்தால் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

6 நவம்பர், திங்கள்

ஜோதிலிங்கம் மறுபடி செயலாளர். போட்டியில்லை.

அவரே போன் செய்தார். வீட்டுக்காரர்களுக்கு மாதாமாதம் பராமரிப்பு பில் போட ஒரு புரோகிராம் வேண்டுமாம். "உன்னை மாதிரி மனசாட்சி உள்ள ஆளுதான் வேணும் தாயி." போனை வைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவினேன். சுஷ்மா, "மம்மி, க்யா ஹுவா?" என்றாள். என்ன ஆச்சாம். அழுக்கு என்றேன்.

10 டிசம்பர், ஞாயிறு

சாவி தருவதற்கு முன்னால் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வேணுவுக்கு ஆபீஸ் டூர். மாமா தானே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "வா, பாத்துட்டு வருவோம்."

துவாரகாவில் பனிமூட்டம், எதிர்க் கட்டடம் தெரியவில்லை. லிஃப்ட் வரும் இடத்தில் வெறும் குழி, குறுக்கே இரண்டு பலகை. எப்போது வரும் என்று வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. இன்னொரு நாள் வரலாம் மாமா என்றேன். கேட்காமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏற ஆரம்பித்தார். ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து.

நாலாவது மாடியில் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மூச்சு அடங்கும்வரை நானும் சும்மா நின்றேன்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார். "அத்தனை பேர்ல ஒருத்தனா உக்கார வச்சு…"

கைப்பிடிச் சுவரில் ஒட்டியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினேன்.

"சொன்னா, வேண்டாம்னு தடுத்துருப்பேன்னு நெனச்சியா?"

"ஆமாம் மாமா."

முட்டியை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சரியாத்தான் நெனச்சிருக்க" என்றார்.

பிறகு எழுந்து, மிச்சம் மூன்று மாடியையும் ஏறினோம்.